ஆ சம் வளர்த்த வசம்புப் புல்

நான் சிங்கப்பூர் போனது ஊர் பார்க்க அல்ல. என் வீட்டுக்காரரை அழைத்து வரப் போனேன்.

மன்னார்குடியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை நான். அவர் சிங்கப்பூரில் டிராலி பஸ் கண்டக்டர். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் மூன்று தடவைதான் ஊருக்கு வந்தார். மூன்றையும் கூட்டினாலும் இரண்டு வருஷம் தேறாது. யுத்த காலத்தில் கடிதமே கிடையாது. அதற்கப்புறம் மாதம் ஒரு கடிதம் ஒழுங்காக வந்தது. எல்லாவற்றிலும் ஒரே சேதிதான்: இன்னும் கொஞ்ச நாள் பொறு, வந்துவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம் அவர் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் வந்தது. அவர் குடியிருந்த வீட்டுக்குக் கீழே வெற்றிலை பாக்கு, சோப்பு விற்கும் நாகூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார். சாமிநாதண்ணனுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு நின்றுவிட்டது, ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து இப்போது அறைக்கு வந்திருக்கிறார், ஆளனுப்பவும் என்று இருந்தது. அனுப்ப எனக்கு ஆளில்லை. கோடை விடுமுறையோடு இன்னும் ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு வயது மகள் மங்கையைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு நானே கிளம்பினேன்.

கப்பலில் போன நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுத்திருந்தேன், வாந்தி எடுத்தேன், மறுபடி படுத்தேன். சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் கரையில் விடவில்லை. எதிரே ஒரு தீவில் இறக்கி, நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்க எங்களைச் சில நாள் வைத்திருந்தார்கள். துணிமணிக்கெல்லாம் புகை போட்டார்கள். என் மூட்டையைப் பிரித்த ஆள் ஒரு பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். அது வசம்பு. பேச்சு வராத பிள்ளைகளுக்கு அதைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம். மங்கைக்கு இரண்டு வயது வரை பேச்சு வராமல் இருந்து, அப்படித்தான் வந்தது. வந்த பேச்சு இன்னும் நிற்கவில்லை. பிள்ளைக்குப் பலித்தது அப்பனுக்கும் பலிக்காதா என்று எடுத்து வந்திருந்தேன். அந்த ஆள் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

கரையில் நாகூர்க்காரர் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் அவரைக் காசிம் பாய் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சரம்மா என்றார். பெட்டியும் மூட்டையுமாக ஒரு பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் வாசலில் நின்று "நாயிக், நாயிக்" என்று கத்தினான். யாரை இப்படி வைகிறான் என்று திடுக்கிட்டேன். மலாயில் ஏறு என்று அர்த்தம் என்றார் பாய். என் பெட்டி படியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒரு சீனரும் ஒரு சர்தார்ஜியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி உள்ளே போட்டார்கள். நன்றி சொல்ல எந்தப் பாஷை என்று யோசிப்பதற்குள் இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

எங்கள் ஆட்கள் சிராங்கூன் ரோட்டின் அந்தப் பகுதியைத் தேக்கா என்கிறார்கள். தமிழ்ப் பலகைகள், மல்லிகைச் சரம், மிளகாய் அரைக்கிற நெடி. மன்னார்குடிக் கடைத்தெருவைச் சுத்தமாகக் கழுவி வைத்தது போல இருந்தது. ஆனால் மாடி ஏறியதும் வேறு உலகம். ஒரு பெரிய அறையைப் பலகை வைத்து ஆறாகத் தடுத்திருந்தார்கள். ஐந்தாவது தடுப்பில் என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது மனிதர் அறுபது மாதிரி இருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார், வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அவர் அழுதார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது பலகைத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு சீனப் பெண்மணி வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, வழித்து வாரிய கொண்டை. கையில் கிண்ணம். என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்திலிருந்ததை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டி, வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு எழுந்து போனார். அவர் குழந்தை மாதிரி வாயைத் திறந்து திறந்து குடித்தார்.

பாயைப் பார்த்தேன். அவர் அவசரமாகச் சொன்னார். "டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அது பக்கத்து ரூம் ஆ சம். சின்னம்மா மாதிரின்னு அர்த்தம், தெருவே அப்படித்தான் கூப்பிடும். போன வருஷம் அதுக்குக் காய்ச்சல் வந்தப்ப அண்ணன்தான் மாசம் பூரா தண்ணி தூக்கிக் குடுத்தாரு. அதுக்குத்தான் இது."

கிண்ணத்தில் என்ன என்று கேட்டேன். பாய் பின்பக்க ஜன்னலைக் காட்டினார். வெள்ளைச் சட்டி ஒன்றில் கூழாங்கல்லும் தண்ணீருமாக, ஒரு கொத்துப் புல் நின்றது. ஒரு சாண் உயரம். இலைகள் தலைமுடியை வாரிவிட்டது போல மெல்லிசாக, ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. வயல் வரப்பில் மாடு மேயும் புல்லுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் புருஷனுக்குப் புல்லைக் காய்ச்சிக் கொடுக்கிறார்களா என்று ஆத்திரம் வந்தது. சாப்பிட்டேனா என்றுகூடத் தெரியாமல் அன்று பகலெல்லாம் தரையில் படுத்துத் தூங்கினேன்.

மறுநாளிலிருந்து எனக்கும் ஆ சம்முக்கும் போட்டி. காலையில் நான் வசம்பைச் சுட்டு, உரைத்து, தேனில் குழைத்து அவர் நாக்கில் தடவுவேன். அந்தக் காரத்தில் அவர் கண்ணில் தண்ணீர் வரும். பத்து மணிக்கு ஆ சம் கிண்ணத்தோடு வருவார். பேச்சு வார்த்தை இல்லை. அவர் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் அடுப்படிக்குப் போனால் அவர் தன் சட்டியை ஓரமாக நகர்த்திக்கொள்வார். மதியம் மூன்று மணிக்குத் தவறாமல் மழை. மழை நின்றதும் தெரு ஆவி விடும். எங்கள் ஊர் வெயில் கொளுத்திவிட்டு மாலையில் விட்டுவிடும். இந்த ஊர்ப் புழுக்கம் விடுவதே இல்லை. மாடிப்படி ஏறி இறங்கி, தண்ணீர் பிடித்து, அவரைத் தூக்கி உட்காரவைத்து, துவைத்து, என் முதுகு ஒடிந்தது.

சந்தைக்குப் போவது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். வள்ளைக்கீரையைக் கங்கோங் என்று கட்டுக்கட்டாக விற்றார்கள். எங்கள் ஊரில் அதைக் குளத்தில் சும்மா பறிப்போம். தவளையும் ஆமையும் உயிரோடு விற்கிற பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். திரும்பும்போது பாய் கோப்பி வாங்கிக் கொடுப்பார். பழைய பால் டின்னில் ஊற்றிக் கயிறு கட்டித் தொங்கவிட்டுத் தருவார்கள். மலாய் மட்டும் ஒட்டவில்லை. கடைக்காரர் அழுகல் காயைக் கூடையில் போட்டால் சொல்வதற்கென்று பாய் ஒரே வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தார். "தாமாவ்" என்றால் வேண்டாம். அதைச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, காய்ந்த துணியை எடுக்கப் போனபோது என் முழங்கை பட்டு அந்தப் புல்லில் ஒரு கற்றை நசுங்கிவிட்டது. கையை மோந்தேன். அப்படியே நின்றேன். வசம்பு வாசனை. சுட்ட வசம்பின் காட்டம் இல்லை, கொஞ்சம் இனிப்பாக, பச்சையாக. ஆனால் அதேதான். அறைக்கு ஓடி என் பொட்டலத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆ சம் பார்த்துவிட்டார். வந்து என் கையிலிருந்த கிழங்கை வாங்கி மோந்தார். பிறகு சட்டியிலிருந்த கூழாங்கல்லை ஒதுக்கி, புல்லின் அடியைக் காட்டினார். என்னுடையதைப் போலவே கணுக்கணுவான வேர், சுண்டுவிரலிலும் மெலிசாக.

கீழே போய்ப் பாயை அழைத்து வந்தோம். அவர் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். ஆ சம் தமிழைத் தொடவில்லை, தெருவில் எல்லாரும் பேசுகிற சந்தை மலாயில் பேசினார். இது அவர் நாட்டில் ஓடைக் கல்லிடுக்கில் முளைப்பதாம். படித்தவர்கள் மேஜையில் விளக்கு பக்கத்தில் வைத்துக்கொள்வார்களாம், விளக்குப் புகையைச் செடி குடித்துவிடும் என்று. விடியற்காலையில் இலை நுனியில் நிற்கிற பனித்துளியால் கண்ணைக் கழுவுவார்களாம். வேரைக் காய்ச்சிக் குடித்தால் அடைபட்ட புத்தியும் நாக்கும் திறக்குமாம். இதன் பெரிய ஜாதி வாள் மாதிரி இலை விடும், அதை ஐந்தாம் மாதம் வாசலில் கட்டினால் கெட்டது அண்டாது.

நான் என் பங்குக்குச் சொன்னேன். பிள்ளை பெற்ற வீட்டில் வசம்பு இல்லாமல் இருக்காது, வயிற்று உப்புசத்துக்கு உரைத்துக் கொடுப்போம், கையில் வளையலாகக் கோத்துக் கட்டுவோம், புத்தகத்துக்கு நடுவே வைத்தால் பூச்சி அரிக்காது, பொழுது சாய்ந்தால் அதன் பேரைக்கூடச் சொல்ல மாட்டோம், பேர் சொல்லாதது என்றுதான் கேட்டு வாங்குவோம். பாய் சிரித்துவிட்டார். மலாய்க்காரர்கள் அதை ஜெரிங்காவ் என்பார்களாம். அவர்கள் மருத்துவச்சிகளும் பிள்ளை பெற்ற வீட்டில் பேய் வராமல் இருக்க அதைத்தான் வைப்பார்களாம். மூன்று ஜாதிக்கும் ஒரே வேர்தானா என்று அவருக்கே ஆச்சரியம்.

அன்றைக்கு ஆ சம் அரிசிக் கஞ்சியும் உப்பு முட்டையும் கொடுத்தார். நான் புளிக்குழம்பு கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். சாப்பிட்டபடி அவர் பாயிடம் ஏதோ கேட்டார். பாய் தயங்கினார். சொல்லுங்கள் என்றேன்.

"அது சின்ன வயசுலயே கல்யாணம் வேணாம்னு சாமி முன்னாடி சத்தியம் பண்ணிக் கொண்டை போட்டுக்கிட்டதாம். வெள்ளைக்காரன் வீட்ல இருபது வருஷம் சமையல் பண்ணுச்சு." பாய் தொண்டையைச் செருமினார். "அது கேக்குது, நான் கல்யாணம் பண்ணிக்கலை, நீ பண்ணிக்கிட்டே. ரெண்டு பேரும் தனியாத்தானே இருந்தோம், என்ன வித்தியாசம்னு."

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கேள்வியில் குத்தல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அடுத்த வியாழன் என் வீட்டுக்காரரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். பாயும் நானும் கைத்தாங்கலாக இறக்கி டிராலி பஸ்ஸில் ஏற்றினோம். அவர் வேலை பார்த்த அதே வழி. கண்டக்டர் அவரைப் பார்த்ததும் சீட்டு வாங்க விடவில்லை. ஜன்னலோரம் உட்காரவைத்தோம். டிராலி பஸ் மேலே கட்டின மின்கம்பியைத் தொட்டுக்கொண்டே ஓடும். ஒரு திருப்பத்தில் பஸ் மேலிருந்த கொம்பு கம்பியை விட்டு நழுவிவிட்டது. விளக்கு அணைந்தது, பஸ் நடுத்தெருவில் நின்றது. இது அங்கே அடிக்கடி நடப்பதாம். மூங்கில் கழியால் கொம்பை மறுபடி கம்பியில் மாட்டக் கண்டக்டரும் டிரைவரும் இறங்கினார்கள். உள்ளே புழுக்கம். ஒரு குழந்தை அழுதது. பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள். கூடை வைத்திருந்த ஒரு மலாய்க்கார அம்மாள் இறங்கிவிடலாமா என்று எழுந்தாள்.

என் வீட்டுக்காரர் திரும்பி அவளைப் பார்த்து, தெளிவாக, கொஞ்சம் அதட்டலாக, "துங்கு, துங்கு" என்றார்.

நான்கு மாதம் கழித்து வந்த முதல் பேச்சு. தூங்கு என்றுதான் என் காதில் விழுந்தது. பட்டப்பகலில் அந்த அம்மாளை ஏன் தூங்கச் சொல்கிறார், புத்தி பிசகிவிட்டதா என்று பதறினேன். ஆனால் அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பாய் என் தோளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "தூங்கு இல்லம்மா. துங்கு. கொஞ்சம் பொறுங்கன்னு சொல்றாரு. கொம்பு கழண்டா தினமும் பாசஞ்சர்கிட்ட அதான் சொல்வாரு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, என்கிட்ட ஏதாவது சொல்லுங்க" என்றேன். முயன்றார். நெற்றி நரம்பு புடைத்தது. தமிழ் வரவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அன்றாடம் வேலையில் பேசின பாஷை சிலருக்கு முதலில் திரும்பும், மற்றது பிறகு வரலாம், வராமலும் போகலாம் என்றார். அவர் நாக்கைப் பார்த்துவிட்டு ஏன் புண்ணாக இருக்கிறது என்று கேட்டார். வசம்பையும் புல் வேரையும் பற்றித் தலைகுனிந்து சொன்னேன். இரண்டு வேரையுமே நிறுத்தச் சொல்லிவிட்டார். திரும்பி வந்து ஆ சம்மிடம் சொன்னபோது, பேச்சு வந்த சேதியைத்தான் அவர் காதில் வாங்கினார். தன் வேர்தான் பேச வைத்தது என்றார். பாயும் அவர் கட்சி சேர்ந்துகொண்டார். "உங்க வசம்பு பேச வச்சிருந்தா தமிழ்லல்ல பேசியிருக்கணும் லா, டீச்சரம்மா." நான் சிரித்தேன். சிங்கப்பூர் வந்து முதல் தடவையாகச் சிரித்தேன்.

அதன் பிறகு தினம் இரண்டொரு வார்த்தை வந்தது. எல்லாம் மலாய். தண்ணீர், வலி, உட்கார், இறங்கு. பஸ்ஸில் சொன்னவையும் கோப்பிக் கடையில் கேட்டவையும். தமிழில் நான் பேசினால் தலையாட்டுவார், புரிந்ததா என்று தெரியாது. மலாயில் சொன்னால் முகம் உடனே திரும்பும். அதனால் நான் படிக்க ஆரம்பித்தேன். காலையில் பாய், மதியம் துணி மடிக்கும்போது ஆ சம். இருபது வருஷமாக அட்டையில் எழுத்து எழுதிப் பிள்ளைகளுக்குக் காட்டினவள், இப்போது எனக்கு நானே அட்டை எழுதிச் சுவரில் ஒட்டினேன். சொந்தப் புருஷனோடு பேசப் பிறத்தியாரிடம் பாடம் கேட்கிறோமே என்று சில நாள் அலுப்பாக இருந்தது. அலுப்போடு படித்தேன்.

ஆ சம் சொன்ன ஐந்தாம் மாதம் வந்தது. சீனர் வீட்டு வாசல்களில் நீள இலைகளைச் சிவப்புக் காகிதம் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆ சம் எங்கள் தடுப்பு வாசலிலும் ஒன்று கட்டினார். என் விடுப்பு முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. கப்பலுக்கு ஆள் பெயர் கொடுக்க வேண்டும் என்று பாய் நினைவூட்டினார்.

அன்று மழை நேரத்தில் என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து கேட்டேன். "பாலிக்?" ஊருக்குத் திரும்பலாமா?

அவர் ஜன்னலைப் பார்த்தார். வாசலில் தொங்கிய இலையைப் பார்த்தார். பிறகு "துங்கு" என்றார்.

பொறு. இத்தனை வருஷம் மாதாமாதம் எனக்கு எழுதியதை, பேச்சு போய்த் திரும்பிய பிறகும் சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. உடம்பு முழுவதும் ஒரு சோர்வு இறங்கியது. எழுந்துபோய்ப் படுத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தாமாவ்."

அழுகல் கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்வேனே, அதே குரலில். வேண்டாம், முடியாது. தமிழில் அந்தச் சொல்லை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாக் கடிதத்துக்கும் சரி என்றுதான் பதில் எழுதியிருக்கிறேன். அவர் என்னையே பார்த்தார். வாய் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன், சிரித்தார். சிரிப்பும் அழுகையும் அந்த முகத்தில் ஒன்றாகத்தான் இருந்தன. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, "பாலிக்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

கிளம்புகிற அன்று ஆ சம் துறைமுகத்துக்கு வரவில்லை. அவருக்கு வழியனுப்புவது பிடிக்காதாம். புல்லில் பாதியைப் பிய்த்து, ஈரத் துணியில் சுற்றி, தகர டப்பாவில் கூழாங்கல்லோடு வைத்துக் கொடுத்தார். என் வசம்பில் மீதியிருந்ததை அவரிடம் கொடுத்தேன். என் கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லையே என்று மலாயில் சொன்னார். பாய் இல்லாமலே எனக்குப் புரிந்தது. எனக்கு இன்னும் தெரியவில்லை என்று நானே பதிலும் சொன்னேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும், படகில் இறங்க வேண்டும். அவரை நாற்காலியோடு கயிறு கட்டி இறக்கினார்கள். அலை தூக்கித் தூக்கிப் போட்டது, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சுங்கத்தில் டப்பாவைத் திறந்து பார்த்து, வெளிநாட்டுச் செடி உள்ளே வரக்கூடாது என்று எடுத்துவிட்டார்கள். வழியிலேயே உப்புக்காற்றில் பாதி பழுத்துப் போயிருந்தது. வாதாட எனக்குத் தெம்பில்லை. கொடுத்துவிட்டேன்.

மன்னார்குடியில் வீடு நிறைய ஜனம். அவர் அக்கா, தம்பிகள், அண்டை வீடு, பள்ளிக்கூடத்து ஆசிரியைகள். எல்லாரும் ஒரே நேரத்தில் அவரிடம் பேசினார்கள். என்னைத் தெரிகிறதா, ஊர் ஞாபகம் இருக்கிறதா, வந்தது சந்தோஷமா. மங்கை தூணைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தபடி நின்றாள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "பெனாத்" என்றார்.

"என்னம்மா சொல்றாரு?" என்று அவர் அக்கா கேட்டாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அலுப்பா இருக்காம். எல்லாரும் நாளைக்கு வாங்க" என்றேன்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மங்கை மட்டும் கிட்டே வந்து, அப்பா காலடியில் உட்கார்ந்து, அந்த வார்த்தையை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "பெனாத்." அவர் சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். நான் அவர் படுக்கப் பாயை விரித்தேன்.